நான் திருத்திய சொல்

பாப்பா,

உன் கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி உன் அம்மாவிடம் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாயாம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாயாம். "அப்பா வரட்டும்மா. ஆனா மேடைல பேச வேணாம்னு சொல்லிடு. யாரையும் திருத்தவும் வேணாம்னு சொல்லிடு." உன் அம்மா இதை ஒரு சொல் குறையாமல், சிரிப்பை மறைக்கக்கூட முயலாமல் என்னிடம் ஒப்பித்தாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் ஆசிரியராக இருந்தவனைப் பார்த்து, பெற்ற மகள் வாயை மூடிக்கொண்டு வா என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் மாடியில் போய் நின்றுகொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் இறங்கி வந்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், பேசக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறாய், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை என்பது தோன்றியது. அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று விரைவஞ்சலில் அனுப்புகிறேன்.

நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் படித்த பிள்ளைகள் தங்கள் கல்யாணத்துக்கெல்லாம் என்னை வாழ்த்துரைக்கு அழைப்பார்கள். நானும் போய் அதே உரையைத்தான் பேசுவேன். சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும், குளோரின் மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும், இரண்டும் சேர்ந்தால் சோற்றுக்குப் போடும் உப்பு, இல்லறமும் அப்படித்தான். கைதட்டல் வரும். திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்தில் நான் நாற்பது நிமிடம் பேசி முடித்து வந்து உட்கார்ந்ததும், மாப்பிள்ளை என் காதருகில் குனிந்து, "சார், இதுல சோடியம் நானா, அவங்களா?" என்று கேட்டான். அதே மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பேனரில் 'நல்வாழ்த்துக்கள்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் அந்தக் 'க்' எழுத்தை அடித்தேன். நீ அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதான். நான் விழுந்துவிடுவேனோ என்று பிடித்திருக்கிறாய் என நினைத்தேன். வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாற்காலிக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒன்று மட்டும் அப்படி இல்லை. மூன்று பொங்கலுக்கு முன்னால், மாடு கன்றுகளை எல்லாம் குளிப்பாட்டி ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்த காலை. நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தொலைக்காட்சியில் ஏதோ நடனப் போட்டி. ஆடி முடித்த இணையைப் பார்த்து நடுவர்கள் மாறி மாறி ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏற்கெனவே எரிச்சல். நீ இரண்டு தம்ளரில் காப்பி எடுத்து வந்து, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் தம்ளரையே கையில் சுழற்றிக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "அப்பா, எங்க ஆபீஸ்ல என்கூட வேலை பாக்கிறவர் ஒருத்தர் இருக்காருப்பா. எங்களுக்குள்ள ஒரு கெமிஸ்ட்ரி இருக்குன்னு தோணுது."

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "வேதியியல்னு சொல்லு. அதுவும் இங்க பொருந்தாது. பொருளும் பொருளும் சேர்ந்து மாறுறதுதான் வேதியியல். மனுசங்களுக்குள்ள வர்றது இசைவு, இல்லன்னா ஈர்ப்பு. டிவில சொல்றான்னு நீயும் சொல்லக் கூடாது." அதோடும் விடவில்லை. இரசாயனம் என்ற பழைய சொல் எப்படிப் போனது, வேதியியல் எப்படிப் பாடநூலுக்குள் வந்தது என்று காப்பி ஆறும்வரை விளக்கினேன். நீ எல்லாவற்றையும் கேட்டாய். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். நான் நாளிதழில் விட்ட இடத்தைத் தேடினேன்.

பாப்பா, அந்தச் சொல்மேல் எனக்கு ஏன் அத்தனை பிடிவாதம் என்பதை நான் உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. பெருமையடித்திருக்கிறேன், சொன்னதில்லை. உன் தாத்தா கீழத்தஞ்சையில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். முதல் வருடம் எல்லாம் ஆங்கிலம். வேதியியல் வகுப்பில் பேராசிரியர் வேலன்சி, வேலன்சி என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையை நிரப்புவார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தச் சொல்லை முப்பது தடவை நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. ஊருக்குப் போய் அப்பாவோடு நடவுக்கு இறங்கிவிடலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் ஆட்சி மாறி, கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம் என்று வந்தது. தமிழ் வகுப்பின் முதல் நாளில் வேறொரு பேராசிரியர் வந்து பலகையில் 'இணைதிறன்' என்று எழுதினார். அவ்வளவுதான். ஓர் அணு எத்தனை அணுக்களோடு இணைய முடியும் என்கிற திறன், அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது! பிணைப்பு, சேர்மம், கலவை, வினை. எங்கள் அம்மா பேசுகிற சொற்களாகவே இருந்தன. பெட்டியை அவிழ்த்தேன். அந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும், அந்த வகுப்பைத் திறந்துவிட்டவர்களுக்கும் நான் செத்தாலும் நன்றி உடையவன். அந்த நன்றியைத்தான் சிவப்பு மையாக ஆக்கிப் பார்க்கிற இடமெல்லாம் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அம்மாவைப் பார்த்ததும் அதே காலத்தில்தான். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு எங்கள் ஊரில் ஆட்கள் அறுவடைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. பண்ணைக்காரர்கள் பேராவூரணிப் பக்கத்திலிருந்து லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சரக்குந்து என்று எழுதலாம், உன் அம்மா சிரிப்பாள், லாரி என்றே இருக்கட்டும். எங்கள் ஆட்கள் வயலுக்குப் போகும் வழியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் உன் தாத்தா. வந்தவர்கள் முன்னால் போகவும் முடியாமல், திரும்பிப் போக வண்டியும் இல்லாமல் மதகுப் பக்கம் ஒரு களத்தில் கிடந்தார்கள். சங்கத்தில் என்னைக் கூப்பிட்டு, "நீதான் படிச்ச புள்ள. எத்தனை பேரு வந்திருக்காங்கன்னு எண்ணிட்டு வா" என்று அனுப்பினார்கள்.

நான் போனபோது ஒரு பெண் வாய்க்காலில் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். புதுத் தண்ணீர், செம்மண் கரைசலாக இருந்தது. அதைத்தான் அத்தனை பேரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ண வந்ததை மறந்துவிட்டேன். ஓடிப்போய் மளிகைக் கடையில் ஒரு துண்டு படிகாரம் வாங்கி வந்து நீட்டினேன். நீட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். "இது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு. தண்ணில மெதக்கிற துகளையெல்லாம் ஒண்ணா திரட்டி அடியில இறக்கிடும்" என்று ஆரம்பித்தேன். அவள் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பா சவரம் பண்ணிட்டு மூஞ்சில தேச்சுக்குவாங்களே, அந்தக் கல்லுதானங்க? இதுக்கு இவ்வளவு நீளமா பேரு?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என்னைத் திருத்திய முதல் ஆள் அவள்தான். சங்கத்துக்குத் திரும்பியதும் உன் தாத்தா கேட்டார், "எத்தனை பேரு?" "எண்ணலப்பா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்றாம் நாள் பேச்சுவார்த்தையில் பண்ணைக்காரர்கள் கூலி உயர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் வயலில் இறங்கினார்கள். வெளியாட்கள் ஒரு கதிரைக்கூட அறுக்காமல் வெறுங்கையோடு லாரி ஏறிப் போனார்கள். எங்கள் பக்கம் ஒரே கொண்டாட்டம். நான் மட்டும் லாரி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆசிரியர் வேலை கிடைத்து, எந்த ஊர் வேண்டும் என்று கேட்டபோது பேராவூரணி என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்தார் அவள் அப்பா. கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது.

உன் தாத்தாவிடம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. எங்கள் குடியிருப்பு மனைக்கு அப்போதுதான் பட்டா வந்திருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் இடம் என்று ஒன்றுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார் அவர். கையில் மூங்கிலும் அரிவாளும். நான் பக்கத்தில் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் பாடநூல்தானே. "அப்பா, எனக்கும் ஒரு பொண்ணுக்கும் நடுவுல ஒரு ஈர்ப்பு விசை..." என்றேன். பட்டப்படிப்புப் படித்தவன் பேசுகிற பேச்சா இது! உன் தாத்தா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே அந்தப் பட்டாவை வாங்கத்தான். அவருக்கு ஈர்ப்பும் தெரியாது, விசையும் தெரியாது.

"பொண்ணா?" என்றார்.

"ஆமாப்பா."

"பேரு என்ன?"

"செண்பகம்."

"எந்த ஊரு?"

"பேராவூரணிப் பக்கம். அன்னிக்கு லாரில வந்தாங்களே..."

அரிவாள் நின்றது. எந்த ஆட்களை மறிக்க வழியில் உட்கார்ந்தாரோ அந்த ஆட்களில் ஒருத்தி. எங்கள் வயிற்றில் அடிக்க வந்தவர்கள் என்று தெருவே திட்டிய கூட்டம். அவர் மூங்கிலைக் கீழே வைத்தார். "அவங்களும் வவுறு காஞ்சுதானடா அவ்வளவு தூரம் வந்தாங்க. நம்மளாலதான் வெறுங்கையா போனாங்க. வா, போய்ப் பேசுவோம்" என்றார். அடுத்த வாரமே என்னோடு பேருந்து ஏறினார். போகும்போது புது அறுப்பு நெல்லில் ஒரு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

இதை நான் உனக்கு ஒரு நூறு தடவை சொல்லியிருப்பேன், என் காதல் கதையாக. படிகாரத்தோடு நிறுத்திவிடுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். வேலிக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொன்னதில்லை, எனக்கே அது பெரிதாகத் தெரிந்ததில்லை. போன வருடம் தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் நீ சொன்ன பிறகுதான் அது திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குள் நான் உனக்கு ஐந்து வரன் கொண்டுவந்திருந்தேன். ஐந்தையும் வேண்டாம் என்றாய். உன்னை வண்டியேற்ற வந்த இடத்தில், நடைமேடையில் அத்தனை பேர் முன்னால் குரலை உயர்த்தினேன். "உன் மனசுல என்னதான் இருக்கு? வாயைத் தெறந்து சொன்னாத்தானே தெரியும்?" நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "சொன்னேன்ப்பா. நீங்க திருத்துனீங்க." வண்டி வந்தது. ஏறிவிட்டாய். இந்தப் பொங்கலுக்கு நீ வரவில்லை.

உன் தாத்தாவுக்கு நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் செய்தி புரிந்தது. எனக்கு நீ சொன்ன அத்தனை சொல்லும் புரிந்தது. பேரு என்ன என்று கேட்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றையும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ சொன்னது என் காதில் விழாமல் போகவில்லை. நன்றாகவே விழுந்தது. பயந்துவிட்டேன். எந்த ஊர் என்று கேட்பார்கள், பிறகு அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள், தெருவைச் சொன்னதும் முகம் மாறும். நான் பணியாற்றிய பள்ளிகளிலேயே அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு வீட்டுக் கூடத்தில் நீ உட்கார்ந்திருக்க, உனக்கு எதிரில் அப்படி ஒரு முகம் மாறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் நீ சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அதைத் திருத்திக்கொண்டிருந்தால் மற்றதைப் பேச வேண்டியதில்லை அல்லவா. என்னைக் காப்பாற்றிய தமிழை உன்னிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினேன். இது தப்பு, பாப்பா. என்னை மன்னித்துவிடு.

நேற்று உன் அம்மா சிரித்து முடித்த பிறகு இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்கு நீ தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்று, "பேரு என்னடி?" என்று கேட்டாளாம். நீ தேம்பி அழுதாயாம். பிறகு சொன்னாயாம். மூன்று வருடமாக அந்தப் பெயர் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது, நான்தான் அறியாமல் இருந்திருக்கிறேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "அவ சொல்ல வேண்டியத அவதானங்க சொல்லணும். நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள். உன் தாத்தாவின் கேள்வியை அவள் காப்பாற்றி வைத்திருந்து உனக்குக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையில் பாத்திரம் கழுவிக் கொடுத்தேன். என்ன உடம்புக்கு என்று கேட்டாள்.

நீ கட்டிக்கொள்ளப் போகிறவர் வீட்டில் யாரும் தெருவைக் கேட்கவில்லை என்றும், தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே உன்னிடம் உன் வேலையைப் பற்றித்தான் கேட்டார்கள் என்றும் அம்மா சொன்னாள். கேட்டிருந்தாலும் நீ தலை நிமிர்ந்து பதில் சொல்லியிருப்பாய். பயந்தது நான் மட்டும்தான். உன்னைத் தைரியமாக வளர்த்துவிட்டு, அதை நம்பாமல் இருந்திருக்கிறேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி இந்தக் கடிதத்திலேயே எனக்குப் போய்விட்டது. இருந்தாலும் ஆசிரியர் புத்தி விடவில்லை, ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வகுப்பில் கலவைக்கும் சேர்மத்துக்கும் வேறுபாடு கேட்பேன், நினைவிருக்கிறதா? மணலும் உப்பும் கலந்தால் மணல் மணலாகவே இருக்கும், உப்பு உப்பாகவே இருக்கும், தண்ணீர் ஊற்றிப் பிரித்துவிடலாம். சேர்மத்தில் இரண்டுமே பழையபடி இருக்காது. நானும் உன் அம்மாவும் முதல் பத்து வருடம் கலவைதான். நான் பேசுவேன், அவள் கேட்பாள், அவரவர் அப்படியே இருந்தோம். பேச்சு குறைந்து, அவள் சொல்ல வந்ததை நான் கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஏதோ நடந்தது. அது என்னவென்று விளக்க என்னிடம் கலைச்சொல் இல்லை. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நீயும் அதைத்தான் சொன்னாய். யோசித்துப் பார்த்தால், இரண்டு பேர் சேர்ந்து இரண்டு பேருமே மாறிப்போவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அன்றைக்கு நான் சொன்ன விளக்கமே தவறு. மூன்று வருடம் கழித்து ஒத்துக்கொள்கிறேன், உனக்கு முழு மதிப்பெண். அவர் உன்னிடம் ஏதாவது சொல்ல வந்து, தப்பும் தவறுமாக ஒரு சொல்லைப் போட்டுச் சொன்னால், சொல்லை விட்டுவிடு. அடுத்த கேள்வியைக் கேள்.

கல்யாணத்தில் நான் பேச மாட்டேன். சோடியம் பேச்சு வராது. முன்வரிசையில் உட்காரச் சொன்னால் உட்காருவேன், பின்வரிசை என்றாலும் சரி. எனக்கு ஒரே ஓர் ஆசை இருக்கிறது. எல்லாம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு, இரண்டு தம்ளரில் காப்பி எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குச் சொன்னதை மறுபடி ஒரு தடவை சொல். அதே சொல்லைப் போட்டுச் சொல். நான் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

பதிலும் தெரியும்தான். அம்மாவுக்கு நீ அனுப்பிய அழைப்பிதழ் என் சட்டைப்பையில் இருக்கிறது, சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில். வருகைப் பதிவேட்டில் இரமேசு என்றும் இராசேந்திரன் என்றும் மாற்றி எழுதி, பிள்ளைகளின் பெற்றோர் வந்து சண்டை போடும்வரை விடாதவன் நான். இந்தக் கடிதத்தில்கூட மற்றவர்கள் பேசியதைத் தவிர மற்ற இடங்களில் அந்தக் கிரந்த எழுத்துகள் வராமல் பார்த்துக்கொண்டேன், நீ கவனித்தாயோ என்னவோ. அழைப்பிதழில் இருக்கிற பெயரை நான்கு நாளாக ஒரு தாளில் எழுதிப் பழகுகிறேன். முதலில் கை 'அரீசு' என்றுதான் போனது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

மாப்பிள்ளை ஹரீஷுக்கு என் அன்பைச் சொல்.

உன்
அப்பா